காரின் வெளிப் பட்டைகளில் பெயிண்ட் கொப்புளித்தால் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் ஓடிய கார். ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே ஓடும் கருப்புப் பட்டையில் பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது. கூரைமேல் இருக்கும் கம்பிகளில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாகப் பொடி கட்டுகிறது. வைப்பர் கைகளில் செம்பழுப்புத் துரு. ஒரு கருப்பு ஸ்ப்ரே கேன் வாங்கி மூன்றையும் வீட்டிலேயே அடித்துவிடலாமா?

தாராளமாகச் செய்யலாம். இது பெரிய கருவிகள் கேட்கும் வேலை இல்லை, பொறுமை கேட்கும் வேலை. ஆனால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் அவற்றில் குறைந்தது இரண்டு கெட்டுப்போகும். மூன்றும் வெவ்வேறு உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் முதன்முதலில் என் காரின் ஜன்னல் பட்டையைச் செய்தபோது, கொப்புளம் இருந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். பளிச்சென்று உலோகம் தெரிந்ததும் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அப்புறம் பெயிண்ட். பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நான் தேய்த்த வட்டத்தைச் சுற்றி மாலை கோத்ததுபோலப் புதுக் கொப்புளங்கள். நடுவில் நான் அடித்த பெயிண்ட் உறுதியாகத்தான் நின்றது. அரிப்பு அதற்கு வெளியே, பழைய பெயிண்டுக்கு அடியில், நான் கை வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கொப்புளம் எங்கே முடிகிறதோ அங்கே துரு முடிவதில்லை. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

சரி, முதலில் என்ன உலோகம் என்று கண்டுபிடிப்போம். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம் என்பது பாதிதான் உண்மை. கார் பட்டைகளுக்குப் பயன்படும் எவர்சில்வரில் சில வகைகளிலும் காந்தம் நன்றாக ஒட்டும். அதனால் காந்தத்தோடு அரிப்பின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தால் இரும்பு. வெள்ளையாக, சுண்ணாம்புப் பொடி மாதிரி இருந்து காந்தமும் ஒட்டாவிட்டால் அலுமினியம். பெயிண்ட் தாள் தாளாக உரிந்து அடியில் துருவே இல்லாமல் பளபளப்பாக இருந்தால் எவர்சில்வர். அதற்கு நோய் அரிப்பு இல்லை, பெயிண்ட் பிடிமானம் இல்லாததுதான். காந்தம் ஒட்டாமல், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக, குரோம் பூச்சு சின்னச் சின்னப் பருக்களாக எழும்பியிருந்தால் அது துத்தநாக வார்ப்பு. பழைய கார்களின் கைப்பிடி, கண்ணாடித் தாங்கி, பெயர்ச்சின்னம் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். அந்தப் பருக்களைத் தேய்த்தால் அடியில் குழி குழியாக இருக்கும். அதை வீட்டில் நேர்த்தியாக மீட்க முடியாது. மறுபடி முலாம் போடக் கொடுப்பதோ, வேறு வாங்கிப் போடுவதோதான் வழி.

இரும்பும் அலுமினியமும் அரிக்கும் விதமே வேறு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் குறைந்தது இரண்டு மடங்காவது ஆகிறது, ஈரம் சேரச் சேர இன்னும் கூடும். இடம் போதாமல் அது பெயிண்டைத் தூக்குகிறது. தூக்கிய இடத்தில் தண்ணீர் தங்குகிறது, தங்கிய தண்ணீர் மேலும் துருவாக்குகிறது. அலுமினியத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு கீறலிலோ, துளையின் ஓரத்திலோ தொடங்கி, பெயிண்டுக்கு அடியில் நூல் நூலாக அரிப்பு ஊர்ந்து போகும். ஒரு பிளேடை சாய்த்துப் பிடித்துக் கொப்புளத்தின் தோலைத் தூக்கிப் பாருங்கள். மரப்பட்டைக்கு அடியில் புழு போன தடம்போல, தலைமுடி அளவுக்கு மெல்லிய வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தலை உண்டு, அந்தத் தலைதான் முன்னேறிக்கொண்டிருக்கிறது. கூரைக் கம்பியில் உங்களுக்குத் தெரியும் வெள்ளைப் பொடி அநேகமாக இதுதான். அந்தத் தலைகளைத் தாண்டித் தேய்த்தால்தான் அது நிற்கும்.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அந்தப் பிசுக்கைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தித் திணிக்கிறோம். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் பளபளப்பு திரவங்களில் பலவற்றில் சிலிகான் உண்டு. அது ஒரு துளி இருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு நீக்கும் திரவம் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு துணியால் பூசி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். ஒரே துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். மறைவான ஓரங்கள்தான் அரிப்பின் பிறப்பிடம். கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. பிளாஸ்டிக் நெம்புகோல் வைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு நெருக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே முனையைப் பிடித்து இழுத்தால் மெல்லிய பட்டை மடங்கிவிடும், அந்த மடிப்பைக் குழி நிரப்பும் எந்தப் பட்டியாலும் (putty) சரி செய்ய முடியாது. இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சூடாக்கி, பின்னால் மீன்பிடி நைலான் நரம்பை விட்டு அறுப்பதுபோல இழுத்தால் வந்துவிடும். பழைய கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கழற்றியதும் அப்படியே தேய்க்க உட்காராமல், பட்டை இருந்த இடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது? வடிகால் துளையில் இலைத்தூளும் மண்ணும் அடைத்து நிற்கிறதா? கண்ணாடி ஓரத்து ரப்பர் விளிம்பு (பீடிங்) சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறதா? அலுமினியப் பட்டையில் யாராவது சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா? இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் அது சின்ன மின்கலம் மாதிரிதான் வேலை செய்யும், அலுமினியம்தான் கரையும். நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டு, ஸ்க்ரூவின் தண்டும் அலுமினியத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெயிண்ட் மட்டும் அடித்தால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். இந்த இடத்தில் காரின் உடம்புத் தகட்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டாலோ, நொறுங்கினாலோ அது வீட்டு வேலையைத் தாண்டிவிட்டது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைக்க வேண்டும்.

இப்போது உரிப்பது. கொப்புளங்களைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு 80 எண் உப்புத்தாளால் ஆரம்பியுங்கள் (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்). மெல்லிய பட்டையாக இருந்தால் 120 போதும். எதுவரை தேய்ப்பது? பழைய பெயிண்டின் ஓரம் நகத்தால் நெம்பினாலும் வராத இடம்வரை. அங்கே ஒரு நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்குங்கள். டேப்போடு பெயிண்ட் துணுக்கு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். எதுவும் வராமல் சுத்தமாக வந்தால் நின்றுகொள்ளலாம். நான் இப்போதெல்லாம் அதற்கு மேலும் ஒரு விரல் அகலம் எடுத்துவிடுகிறேன். பட்டை குறுகலாக இருந்து பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தால் மிச்சத்தையும் முழுக்க உரித்துவிடுவதே மேல். ஒட்டுப்போட்ட இடம் வெயிலில் தனியாகத் தெரியும்.

பிறகு 180, 240, 320 என்று ஏறிக்கொண்டே போய்ப் பழைய பெயிண்டின் ஓரத்தைப் படிக்கட்டு இல்லாமல் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். உலோகத்திலிருந்து பெயிண்டுக்கு ஏறுவது தெரியாமல் விரல் வழுக்கிப் போக வேண்டும். விரலுக்குத் தெரியும் மேடு, பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும். தூசியை உறிஞ்சாமல் இருக்க முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மிகப் பழைய வாகனமாக இருந்தால் அதன் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துப் பறக்கவிடவே கூடாது.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரே உப்புத்தாளையோ கம்பி பிரஷையோ பயன்படுத்தாதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ பதிந்துவிட்டால் அது தனியாகத் துருப்பிடித்து, நீங்கள் சுத்தம் செய்த இடத்திலேயே பழுப்புப் புள்ளியாக எழும். இரும்புப் பஞ்சும் அப்படித்தான். அலுமினியத்துக்கு நைலான் நார் அல்லது புது உப்புத்தாள் போதும்.

இரும்பில் எவ்வளவு தேய்த்தாலும் ஊசி முனை அளவுக் குழிகளில் கருந்துரு மிஞ்சும். அதற்குத்தான் துரு மாற்றி திரவம். பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானிக் அமிலம் உள்ளது கருநீலப் படலமாக மாற்றும். இரண்டில் எது என்று பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல அமில வகைகளைக் கழுவி எடுக்க வேண்டும், டானிக் வகையைப் பெரும்பாலும் அப்படியே காயவிட வேண்டும். திரவம் மிச்சத் துருவுக்குத்தான் மருந்து. பொருக்குமேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கருப்பாகி அடியில் அரிப்பு தொடரும். நல்ல பெயிண்ட்மேல் வழியவிடாதீர்கள், அலுமினியத்தில் பூசாதீர்கள். வெறும் இரும்பைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். ஈரக் காற்று இருக்கும் நாளில் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மெல்லிய ஆரஞ்சுப் படலம் படர்ந்துவிடும். அதன்மேல் அடிக்கும் பிரைமர் துருவின்மேல்தான் உட்காரும்.

அலுமினியத்தில் கவனிக்க வேண்டியது நேரம். தேய்த்த உடனேயே அது காற்றோடு சேர்ந்து ஆக்சைடு படலத்தை வளர்க்கத் தொடங்கும். அதனால் தேய்த்த அன்றே, முடிந்தால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பிரைமர் போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம்: சில கார்களின் வெள்ளி நிறப் பட்டைகளில் பெயிண்டே இருக்காது, அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய அலுமினியமாக இருக்கும். கடுமையான காரம் உள்ள கழுவும் திரவம் பட்டால் அதில் பால் சிந்தியதுபோல வெள்ளைக் கறை விழும். பாலிஷ் போட்டுப் போட்டு அந்தக் கறை போகாமல் சலித்துப்போனவர்கள் நிறைய. கறை படலத்திலேயே இருக்கிறது. படலத்தையே தேய்த்து எடுத்துவிட்டு பிரைமரும் பெயிண்டும் அடிப்பதுதான் வீட்டில் செய்யக்கூடியது.

பிரைமர் விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெயிண்டில் பிடியுங்கள், பிரைமரில் வேண்டாம். மேல் பெயிண்ட் நிறம் தரும், உலோகத்தைப் பிடித்துக்கொண்டு அரிப்பைத் தடுப்பது பிரைமர். இரும்புக்கு எபாக்ஸி என்னும் பிசினால் ஆன பிரைமர் மிக நல்லது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் அதில் உள்ள அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிமானம் தேடிக்கொள்கிறது. ஆனால் அந்த அமிலத்தின்மேல் பல எபாக்ஸி பிரைமர்கள் ஒட்டாது. துரு மாற்றியைக் கழுவாமல் விட்ட இடத்திலும் இதே சிக்கல்தான். அதனால் பிரைமர், பெயிண்ட், அதற்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஒன்றோடொன்று சேரும் என்று அவர்களே எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு.

குழிகள் ஆழமாக இருந்தால் முதல் பிரைமர் காய்ந்ததும் மெல்லியதாகப் பட்டி போட்டு 240, 320 என்று தேய்த்துச் சமமாக்கி, மேலே மறுபடி பிரைமர். துருவை மறைக்கப் பட்டி போடுவது எதற்கும் உதவாது. சாதாரண பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ளேயே வைத்து அரிக்கவிடும். பிரைமரோடு மட்டும் காரை மழையில் நிறுத்தாதீர்கள், சாதாரண கேன் பிரைமரும் ஈரத்தை உள்ளே விடும். கடைசி பிரைமர் நன்றாகக் காய்ந்ததும் 400, பிறகு 600 எண் தாளால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்து எடுத்தால் பெயிண்டுக்குத் தயார்.

பட்டையைக் கழற்ற முடியாவிட்டால் மாஸ்கிங்தான், அதாவது பெயிண்ட் படக்கூடாத இடங்களை டேப்பும் தாளும் ஒட்டி மூடுவதுதான், பாதி வேலை. நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு தூரம் மூடுங்கள். கேனிலிருந்து வரும் மெல்லிய புகை காற்றில் மிதந்து பக்கத்துக் கண்ணாடியிலும் கதவிலும் சொரசொரப்பாக உட்காரும். பட்டையின் நடுவில் ஒட்டுப்போடும் இடத்தில் டேப்பை அப்படியே ஒட்டினால் கோடு விழும். அங்கே டேப்பை வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்து ஒட்டுங்கள். பெயிண்ட் அந்த மடிப்பின் கீழ் மெல்ல மெல்லக் குறைந்து கலந்துவிடும். ரப்பர் பீடிங் ஒட்டியிருந்தால் அதன் உதட்டைத் தூக்கி உள்ளே ஒரு தடிமனான நூலைச் செருகிவிட்டால் ஓரத்துக்கு அடியிலும் பெயிண்ட் போகும். மறுபடி அரிப்பு தொடங்குவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

அடிக்கும் நாள் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ்வரை, காற்றில்லாமல், உலர்வாக இருந்தால் நல்லது. நேர் வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தில் பெயிண்ட் விழும்போதே காய்ந்து மணல் மாதிரி ஆகிவிடும். ஈரம் அதிகமான நாளில் வெள்ளையாகப் பூத்துப்போகும். கேனுக்குள் இருக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, கையை வளைக்காமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். பட்டைக்கு வெளியே பொத்தானை அழுத்தி, பட்டையைத் தாண்டிய பிறகே விடுங்கள். முதல் பூச்சு அடிப்பரப்பை மறைக்கவே கூடாது, தூவினாற்போல இருந்தால் போதும். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. முதல் பூச்சிலேயே மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பெயிண்ட் வழிகிறது. வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள், முழுக்கக் காயவிட்டுத் தேய்த்து அடியுங்கள். அடுத்த பூச்சுக்கான நேரம் கேனிலேயே இருக்கும், அதை மதியுங்கள். சில எனாமல் வகைகளில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள், இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் பழைய பூச்சு சுருங்கி எழும்பும்.

கருப்புப் பட்டைக்கு முழுப் பளபளப்பைவிட அரைப் பளபளப்புக் கருப்புதான் பொருந்தும், அதற்குப் பல சமயம் கிளியர் தேவைப்படாது. உடம்பு நிறத்திலேயே உள்ள பட்டை என்றால் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பெயிண்டின் நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்கி, மேலே கிளியர் அடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கெட்டியாக்கும் திரவத்தோடு கலந்து அடிக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும், ஆஸ்துமா உண்டாக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது. அதை அதற்கான அறையும் காற்றுக் குழாய் முகமூடியும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். கெட்டியாக்கும் திரவம் தேவைப்படாத 1கே கிளியரின் பளபளப்பு கொஞ்சம் சீக்கிரம் மங்கும், பரவாயில்லை. அதற்கும் கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடியும், திறந்த இடமும், பக்கத்தில் நெருப்பு இல்லாததும் கட்டாயம்.

வைப்பர் கைகளைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியில் அவை நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் தவறும். கண்ணாடிமேல் ஒரு தடித்த துணியை மடித்துப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் இழுத்துக் கை சொடுக்கி விழுந்தால் கண்ணாடியே போய்விடும். நட்டைக் கழற்றிய பிறகும் வராவிட்டால் சுத்தியலால் தட்டாமல் புல்லர் என்னும் இழுக்கும் கருவியைப் போட்டு எடுங்கள். ஸ்பிரிங்கையும் பல் உள்ள துளையையும் மூடிவிட்டு மற்ற இடத்தை இரும்புக்குச் சொன்னபடியே செய்யுங்கள்.

கூரைக் கம்பிகளைக் கழற்றும்போது போல்ட் போகும் துளைகளின் அடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் புதிது போட்டே மாட்டுங்கள். பெயிண்ட் வேலையை அழகாகச் செய்துவிட்டுக் கூரை ஒழுகவிடக் கூடாது. கம்பியின் கால்கள் கூரையைத் தொடும் இடத்திலும், பட்டைகளின் பின்பக்கத்திலும், கிளிப் துளைகளின் ஓரங்களிலும் துரு தடுக்கும் மெழுகைத் தடவிவிட்டு மாட்டுங்கள். வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மாஸ்கிங் டேப்பை, பெயிண்ட் கடைசிப் பூச்சுக்குப் பிறகு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகுவதற்கு முன்னால், பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுங்கள். கழற்றிய பட்டைகளை ஒரு நாளாவது காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிளிப்பும் விரலும் படும் இடத்தில் தடம் விழும். ஒரு வாரம் கழுவ வேண்டாம், ஒரு மாதம் மெழுகு வேண்டாம். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு டார்ச்சைப் பட்டைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பரு எதாவது எழும்பியிருந்தால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழும். அப்போதே அந்த ஓர் இடத்தை மட்டும் திறந்து சரிசெய்தால் அரை மணி நேர வேலைதான்.